ஈரம் பட்ட மல்லாட்டை

அந்த பிஸ்கோத்தில் மாவே கிடையாது. வறுத்த மல்லாட்டையைத் தோல் புடைத்து, எண்ணெய் விடும்வரை அம்மியில் அரைக்க வேண்டும். அந்த விழுது ஒரு கிண்ணம் என்றால் சர்க்கரை ஒரு கிண்ணம், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து உருட்டி, தட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திச் சுட்டு எடுக்க வேண்டும். சூடு இருக்கும்போதே ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாக்லேட்டை வைத்து அமுக்கினால், அது அடியில் கொஞ்சம் இளகி, ஆறியதும் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யலாம் என்று மிஸ்ஸியம்மா சொல்வார். எனக்கு அப்போது பதினாறு. நான் அதைக் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, பழியை அம்மா மேல் போட்டேன்.

உலகச் சண்டை தொடங்கி இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் போர்டிங்கில் நான் படித்துக்கொண்டிருந்தேன். போர்டிங்கை நடத்தியவர் அமெரிக்காக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாங்கள் எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். அவருடைய தங்கை அனுப்பிய தகர டப்பா ஒன்று பல மாதம் கடலில் சுற்றிவிட்டு அந்த டிசம்பரில் வந்து சேர்ந்தது. உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய சாக்லேட்டுகள். ஒவ்வொன்றும் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. சிலவற்றின் மேல் வெள்ளை பூத்திருந்தது. மைதா கிடைப்பது பெரும்பாடாக இருந்த நேரம். "மாவு இல்லாவிட்டால் என்ன? இந்த ஜில்லாவில் நிலக்கடலைக்கா பஞ்சம்?" என்றார் மிஸ்ஸியம்மா. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர் என்பதால் நிலக்கடலை என்பார். எங்களுக்கு அது மல்லாட்டை.

புது வருஷத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மதராஸிலிருந்து நான்கு துரைசானிகள் பள்ளிக்கூடம் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்கு டீயோடு வைக்கத்தான் இந்த பிஸ்கோத்து. சமையல் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் நான். அதனால் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்தப் பொறுப்போடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டிங்கில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாளை எல்லோரும் பெரியம்மா என்போம்; அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. அடுப்புத் தணலும் தெரியவில்லை, அரிசியில் கல்லும் தெரியவில்லை. ஜனவரியில் விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட முடிவு செய்திருந்தார். அவர் இடத்துக்கு என் அம்மாவை வைத்துக்கொள்ளச் சொல்லி மிஸ்ஸியம்மாவிடம் பேசியதும் அவர்தான்.

அம்மா கோலியனூருக்குப் பக்கத்தில், தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் நாலாவது படிக்கும்போது அப்பா வாந்திபேதியில் போய்விட்டார். மாமன் வீட்டில் ஆடு கட்டும் சாய்ப்பில் ஒரு பக்கம் அம்மாவுக்குப் படுக்க இடம். மழை வந்தால் ஆடும் அவளும் ஒரே மூலைக்கு ஒதுங்க வேண்டும். மாமி சோறு போடும்போது சட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். பெரியம்மா காலி செய்யப்போகும் வேலைக்கோ ஒரு தனி அறை உண்டு. சமையலறையை ஒட்டினாற்போல, ஓடு போட்டது, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தது. தாழ்ப்பாள் இருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா இரண்டு தடவை கேட்டாள், "உள்ளார இருந்தா? உள்ளார இருந்தே போட்டுக்கலாமா?" என்று.

மிஸ்ஸியம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. கெடார் ஊர்ச் சபையின் உபதேசியார் அங்கே ஒரு விதவைக்காகக் கேட்டிருந்தார். இரண்டு பேரில் யார் என்பதை டீ விருந்து முடிந்து சொல்வதாக இருந்தது. "நிலக்கடலை உன் அம்மாவே கொண்டுவரட்டும். சமையல் செய்பவருக்கு நல்ல பண்டம் எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?" என்றார். ஆக, அந்த மல்லாட்டைதான் அம்மாவுக்குப் பரீட்சை.

நான் இதை விரும்பினேனா? அம்மாவுக்கு அந்த அறை கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்தேன். அது பொய் இல்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் அம்மா சமையலறை வாசலில் நின்று, "ஏ பாப்பா, துன்ன வா" என்று கத்துவாளே என்பதும் மனசில் வந்து வந்து போனது. எங்கள் தெருவில் முதன்முதலாகப் புத்தகம் தொட்டவள் நான். இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன். போர்டிங் வந்த முதல் மாதத்திலேயே எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டேன். "இன்னா" என்ற சொல் என் வாயில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் அம்மா வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கூடப் படிக்கும் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர்கள் சொந்த வயல் என்று புரிந்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அம்மா வெள்ளிக்கிழமை காலை வந்தாள். விழுப்புரம் வரை நடந்து, அங்கிருந்து ரயில். தலையில் அரைச்சாக்கு மல்லாட்டை, உரிக்காத காய். மிஸ்ஸியம்மா கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தார், திங்கட்கிழமைதான் திரும்புவார். அதனால் அம்மா கொண்டுவந்ததைப் பார்த்தது நானும் பெரியம்மாவும் மட்டும்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் மல்லாட்டை உரிப்பதில் இரண்டு விதம். மண்டிக்குப் போவதென்றால் முதல் நாளே காயைக் குவித்துத் தண்ணீர் தெளித்துச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். ஓடு நமத்துவிடும். பிறகு உரிப்பது சுலபம், விரல் நோகாது. கொட்டையும் ஈரம் குடித்து எடை கூடும். மண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே வாங்குவார்கள். விதைக்கு என்றால் அப்படிச் செய்ய முடியாது. காய்ந்த காயைக் காய்ந்த கையால், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கி உடைக்க வேண்டும். கொட்டையின் சிவப்புத் தோலில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் முளைக்காது. களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரிக்கும்போது வாய் ஓயாமல் பேச வேண்டும் என்பது கட்டளை. யாராவது பேச்சை நிறுத்தினால் வாயில் கொட்டை இருக்கிறது என்று மேஸ்திரி திரும்பிப் பார்ப்பான்.

அம்மா விதைக்கு உரிக்கிறவள். மண்டி உரிப்புக்கு அவள் போனதே இல்லை. தண்ணீர் காட்டாத கை என்று சுற்றுப்பட்டு ஊர்களில் அவளுக்குப் பேர். மார்கழியில் மூன்று நிலக்காரர் வீடுகளிலிருந்து அவளுக்கு ஆள் வரும். நிலம் இல்லாத, புருஷன் இல்லாத, படிப்பு இல்லாத ஒருத்திக்கு அந்தப் பேர் எவ்வளவு பெரிசு என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. வேலைக்காரியின் பேர் ஒரு பேரா என்று நினைத்திருப்பேன்.

சாக்கை இறக்கிவைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "வெதைக்கு எடுத்து வச்ச காயிலயே கேட்டு வாங்கியாந்தேன். தண்ணி கிண்ணி காட்டிடாத. காஞ்ச கையால உரி. உரிச்சத காத்தாட வை, டப்பாவுல போட்டு மூடாத."

"தெரியும் அம்மா."

"தெரியும் அம்மாவாம்!" பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "எப்டி பேசுது பாருங்கக்கா, கோயில்ல வாசிக்கறாப்பல."

"எங்கிட்டயும் அப்டித்தான்" என்றார் பெரியம்மா. "சோறு கேட்டாக் கூட எலக்கணம்."

நான் சிரிக்கவில்லை. உரிப்புக்காகக் களத்தில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது என்று அம்மா மத்தியான வண்டியிலேயே கிளம்பிவிட்டாள். போகும்போது அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை உரிக்க உட்கார்ந்தேன். நூறு காய் தாண்டுவதற்குள் கட்டைவிரல் நுனி சிவந்து, நகக்கண்ணில் ஓடு குத்தி ரத்தம் கசிந்தது. டீ விருந்தில் துரைசானிகளுக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்கப்போவதும் நான்தான். வெள்ளைச் சேலை கட்டி, கையில் தட்டோடு போய் நிற்க வேண்டும். அம்மாவின் கட்டைவிரல் எனக்கு ஞாபகம் வந்தது. நகம் பாதி தேய்ந்து, தோல் மரத்துப் போய், வெடிப்பில் மண் ஏறியிருக்கும். அந்த விரலோடு பீங்கான் கோப்பையைத் தொட முடியாது என்று நினைத்தேன். உதவிக்குப் பெண்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என் அம்மாவின் தொழிலை அவர்களுக்குக் கற்றுத்தருவது போல ஆகும்.

சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து தெளித்தேன். கொஞ்சமாகத் தெளித்ததாக ஞாபகம். மண்டிப் பெண்கள் எவ்வளவு தெளிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாக்கைப் போட்டு மூடினேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உரித்தால் ஒவ்வொன்றும் அமுக்கியதும் வாய் திறந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே சந்தோஷம். எறும்பு வருமே என்று கொட்டைகளைத் தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

செவ்வாய் விடியலில் டப்பாவைத் திறந்தபோது, மழைக்காலத்தில் பெட்டிக்குள் கிடந்த துணியின் வாடை வந்தது. கொட்டையைக் கையில் அள்ளினால் பிசுபிசுத்தது. சிலவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அவற்றைப் பொறுக்கிப் போட்டேன். வறுத்தால் வாடை போய்விடும் என்று நினைத்தேன்.

வாணலியில் போட்டதும் பெரியம்மா வந்துவிட்டார். கண் தெரியாதவருக்கு மூக்கு இரண்டு மடங்கு வேலை செய்தது.

"இன்னாடி வாடை இது?"

"மல்லாட்டைதான் பெரியம்மா. வறுபடுகிறது."

"மல்லாட்டை எனக்குத் தெரியாதா? சிக்கு வாடை அடிக்குது. தண்ணி காட்டினியா?"

"இல்லை."

"நெசமா?"

"இல்லை என்று சொல்கிறேனே."

அவர் வாணலி மேல் குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு, "உங்கம்மா பொழப்பு இதுல கெடக்குது, பாத்துக்க. வேணுன்னா சொல்லு, கடைத்தெருவுக்கு ஜல்தியா ஆள் அனுப்பி வேற வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றால் தண்ணீர் தெளித்ததை ஒப்புக்கொண்டதாக ஆகும். வேண்டாம் என்றேன். வாடை போகட்டும் என்று இன்னும் கருக வறுத்தேன். அம்மியில் அரைத்தபோது விழுது கறுப்பாக வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. சர்க்கரையை ஒரு பிடி கூடப் போட்டேன்.

மணல் பரப்பிய பெரிய இரும்புச் சட்டிக்குள் தட்டை இறக்கி, மூடி, மூடியின் மேல் கரித்தணலைக் கொட்டிச் சுடுவது எங்கள் வழக்கம். பிஸ்கோத்துகள் நன்றாகவே வெந்தன. ஓரம் வெடித்து, மேலே முள்கரண்டிக் கோடுகள் எழும்பி, பார்க்கக் கடையில் வாங்கியது போல இருந்தன. மிஸ்ஸியம்மா தானே டப்பாவைக் கொண்டுவந்து சாக்லேட்டுகளை வெள்ளித்தாள் பிரித்துக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாக வைத்து அமுக்கினேன். மார்கழிக் காற்றில் சாக்லேட் சீக்கிரமே இறுகியது. மிஸ்ஸியம்மா என் தோளைத் தட்டி, "உன் அம்மாவுக்கு நீயே சிபாரிசு" என்றார்.

முதல் துரைசானி மேலே இருந்த சாக்லேட்டைக் கடித்துச் சிரித்தார். இரண்டாம் கடிக்கு பிஸ்கோத்து வந்தது. அவர் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கைக்குட்டையை எடுத்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிஸ்கோத்தைக் கோப்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மிஸ்ஸியம்மா ஒன்றை எடுத்து முழுவதும் தின்றார். தின்று முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

விருந்தாளிகள் பள்ளிக்கூடம் பார்க்கப் போன பிறகு சமையலறைக்கு வந்தார்.

"நிலக்கடலை கெட்டுப் போயிருந்தது. உனக்குத் தெரியவில்லையா?"

நான் கோப்பைகளைத் துலக்கப் போட்டேன்.

"இது ஈரம் பட்ட கடலை. மண்டியில் இப்படித்தான் இருக்கும். இதற்கு யார் நீர் தெளித்தார்கள்?"

கேள்வி நேராக என்னிடம் வந்தது. பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் கிடைத்தது என்றே இப்போது தோன்றுகிறது. "அம்மா கொண்டுவந்தது அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் தெளித்துத்தான் உரிப்பார்கள்" என்றேன்.

"எடைக்காகவா?"

"ஆம்."

கதவோரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது. மிஸ்ஸியம்மா போன பிறகும் அவர் என்னைத் திட்டவில்லை. அடிமேல் அடி வைத்து வந்து என் முகத்தைத் தன் ஈரக் கையால் தடவிப் பார்த்தார், யார் என்று தெரியாதவர் போல. "நான் சொல்ல மாட்டேன். சொன்னா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா நீ சொல்லணும். அவ வர்றதுக்குள்ள சொல்லிடு" என்றார்.

நான் சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன். புதன்கிழமை மிஸ்ஸியம்மா விருந்தாளிகளோடு இருந்தார். வியாழக்கிழமை தனியாக இருந்தார், அன்றைக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கெடார்க்காரி ஒரு மூட்டையும் கோழி ஒன்றுமாக வந்து இறங்கினாள். பெரியம்மா தன் பாயைச் சுருட்டி அவளுக்கு இடம் விட்டார்.

சனிக்கிழமை அம்மா பதில் கேட்க வந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை கட்டியிருந்தாள். மிஸ்ஸியம்மா வராந்தாவில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்; அங்கிருந்து எல்லாம் கேட்கும். நான் அம்மாவோடு போய் நின்றேன்.

மிஸ்ஸியம்மா எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு வேலை கொடுக்க முடியாததற்கு வருந்துகிறேன். ஆனால் காரணத்தை மறைக்க விரும்பவில்லை. எடைக்காக நிலக்கடலையில் நீர் தெளிப்பது உங்கள் ஊர் வழக்கமாக இருக்கலாம். பிள்ளைகளின் சாப்பாட்டில் அது கூடாது."

அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "யாரு தெளிச்சதுங்க?"

"நீங்கள் கொண்டுவந்த கடலை."

"நான் குடுத்தது காயிங்க. உரிக்காத காயி. வெதைக்காயி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ பாப்பா, இன்னா சொல்றாங்க இவங்க?"

மிஸ்ஸியம்மாவும் என்னைப் பார்த்தார். "காயா?"

நான் இங்கிலீஷில் சொன்னேன். தண்ணீர் தெளித்தது நான்தான், பொய் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்று ஒரு தப்பும் இல்லாமல், வேகமாகச் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே அம்மாவுக்கு இது புரியாது என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பாஷை. மிஸ்ஸியம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது.

"தமிழில் சொல்" என்றார். "உன் அம்மா நின்றுகொண்டிருக்கிறார்."

தமிழில் சொன்னேன். "மல்லாட்டையில் நீர் தெளித்தவள் நானே. பழியை உங்கள் மீது சுமத்திவிட்டேன் அம்மா" என்றேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துப் பேச்சு வாணாம்" என்றாள். "எனக்குச் சொல்றியா, அவங்களுக்கு ஒப்பிக்கிறியா? நம்ம வூட்ல பேசறாப்பல சொல்லு."

கிணற்றடியில் துணி அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. இரண்டு வருஷம் என் வாயில் நான் வராமல் காத்த பேச்சு. "நான்தாம்மா தண்ணி தெளிச்சேன்" என்றேன். "கை நோவுதுன்னு தெளிச்சிட்டேன். டப்பாவுல போட்டு மூடி வச்சிட்டேன். கெட்டுப்பூடுச்சு. யாரு தெளிச்சதுன்னு கேட்டாங்க, எங்கம்மாதான்னு சொல்லிட்டேம்மா."

"நான் எடைக்குத் தெளிச்சேன்னா சொன்ன?"

"ஆமா."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மிஸ்ஸியம்மாவைப் பார்த்து, "கேட்டுக்கினீங்களாங்க?" என்றாள். "இந்தக் கை இத்தினி வருசத்துல ஒரு காயிக்கும் தண்ணி காட்டினதில்ல. அது உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அம்மாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஒரு வெள்ளைக்காரி தன்னிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து அம்மா இரண்டு அடி பின்னால் போனாள். ஆனால் வேலைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கெடார்க்காரி சமையலறை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் கோழி அந்த அறையின் படியில் நின்றது. அவளைத் திருப்பி அனுப்ப மிஸ்ஸியம்மா தயாராக இல்லை. அம்மாவும் அதைக் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வாசல்வரை கூடப் போனேன்.

"வயலு பாத்துக்கறேன்னு சொல்லி வச்சிருக்கியாமே" என்றாள். பெரியம்மாவோ, வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும். "போறேன். போயி வயலப் பாக்கறேன். நேரமாவுது."

"அம்மா..."

"சொல்லிட்ட இல்ல, வுடு. படிக்கற வேலையப் பாரு."

ஸ்டேஷன் ரோட்டில் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

என்னைப் போர்டிங்கிலிருந்து அனுப்பவில்லை. மிஸ்ஸியம்மா அதற்குப் பிறகும் என்னை நன்றாகவே நடத்தினார். ஆனால் சமையல் பொறுப்பு வேறு பெண்ணுக்குப் போனது, அது நியாயம்தான். கெடார்க்காரி நல்லவள். இரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த அறையில் படுக்க வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கூடவே இருந்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமன் வீட்டுச் சாய்ப்பில் அந்த வருஷ மழையில் ஒரு பக்கச் சுவர் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மா சொல்லவில்லை, மாமன் சொன்னார்.

இப்போது விழுப்புரத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். சண்டையும் முடிந்துவிட்டது. இரண்டு அறை உள்ள வீடு வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஒரு அறை அம்மாவுக்கு என்றே. அவள் இன்னும் வரவில்லை. ஒரு தடவை விதை உரிப்பு முடியட்டும் என்றாள். ஒரு தடவை அண்ணன் மகளுக்குப் பிரசவம் என்றாள். என் கூட வேலை செய்பவர்கள், இவ்வளவு படித்தும் தாயை வந்திருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாளே என்று என்னை மெச்சுகிறார்கள். அவர்கள் மெச்சும்போது எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடத் தோன்றும்.

போன மாதம் மறுபடி மாமன் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் குழாய் இருக்கிறது, கோயில் கிட்டத்தில்தான் என்றேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"வூட்டுக்கு யாராரு வருவாங்க?"

"கூட இருக்கற டீச்சருங்க வருவாங்க. எப்பனா ஹெட்மிஸ்ட்ரஸ் வருவாங்க."

"அவங்க வந்தா நான் எங்க உக்கார்றது?"

"எங்க வேணாலும் உக்காரும்மா" என்றேன். "முன்னாலயே உக்காரு."

அவள் முறத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கொஞ்சம் சிரித்தாற்போலக்கூட இருந்தது.

"யோசிச்சுச் சொல்றியே" என்றாள்.

பஸ் வரும்வரை என்னோடு ரோட்டில் நின்றாள். மாமியின் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னாள், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாள். நான் தலையாட்டினேன். பஸ் ஏறி உட்கார்ந்து, கோலியனூர் தாண்டும்வரை அவள் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அவள் சொன்னது சரி. நான் யோசித்தேன்.